திடல் இங்கேயே இருக்கிறது, மாடிகள் கும்பகோணம் போய்விட்டன

சத்திரத்தோப்பு,
கும்பகோணம் வழி.
புரட்டாசி, வியாழக்கிழமை.

அன்பு மகள் குந்தவைக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள், அரசலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளை சூர்யபிரகாஷும் குளிரும் இருமலும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். குறுவை அறுத்தாகிவிட்டது, நல்ல வேளையாக மழைக்கு முன்னால் மூட்டை போட்டுக் கொள்முதல் நிலையத்தில் சேர்த்துவிட்டோம், ஈரப்பதம் பார்த்து மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். சம்பா நாற்று பறிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. என் முழங்கால் வலி முன்னைப்போலத்தான், நீ அனுப்பிய பட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன், வரப்பில் நடந்தால் அது வழுவிக் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது, ஆனாலும் மகள் அனுப்பியது என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "திடல் இருக்கா போயிடுச்சாப்பா, அம்மா ஒரு மாதிரி சொல்றாங்க, சித்தப்பா ஒரு மாதிரி சொல்றாரு" என்று கேட்டாய். அம்மா சிரித்துவிட்டு, "அப்பா எழுதுவாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தன்னைப் பற்றிய கதையைத் தானே சொல்லுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது, நான் போனில் சொல்ல ஆரம்பித்தாலும் பக்கத்தில் நின்று "அதெல்லாம் எதுக்கு" என்று பிடுங்கிக்கொள்வாள். இப்போது அவள் நடவுக்கு ஆள் பேசக் கிழக்குத் தெருவுக்குப் போயிருக்கிறாள், நான் பேனாவை எடுத்துவிட்டேன். பொறுமையாகப் படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

மாப்பிள்ளைக்கு இடம் தெரியாது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். ஆற்றுக்கும் பழைய சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டு நிலம்தான் நம் திடல். எனக்கும் உன் சித்தப்பா பகலவனுக்கும் கூட்டுப் பட்டா. சத்திரம் மராட்டிய ராஜாக்கள் காலத்தில் யாத்திரை போகிறவர்களுக்காகக் கட்டியது, அதன் பின்னால் படிக்கட்டு வைத்த குளம். ஆற்றிலிருந்து அந்தக் குளத்துக்குத் தண்ணீர் போவது வெளியே தெரியாது. நம் திடலுக்கு அடியில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுருங்கை ஒன்று ஓடுகிறது, ஆற்றில் தண்ணீர் வந்தால் அது வழியாகக் குளம் தானாக நிரம்பும், குளம் நிரம்பினால் கிழக்குத் தெருக் கிணறுகள் எல்லாம் ஊறும். சத்திரத்தைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசாங்கம் அறிவித்துப் பழுது பார்க்கத் தொடங்கியது உனக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவிப்பு சத்திரத்தோடும் குளத்தோடும் நின்றுவிட்டது. திடல் நம் சொந்த நிலம், அதில் என்ன கட்டினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. ஊரும் நகர எல்லைக்குள் வந்துவிட்டது, மனை விலை கேட்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

அப்படி வந்தவர்தான் கூத்தாநல்லூர் ஜெய்னுலாபுதீன் பாய். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு ஆற்றைப் பார்த்தாற்போல ஒரு லாட்ஜ் கட்ட வேண்டும் என்று வந்தார். கண்ணியமான மனிதர், விலையிலும் குறை வைக்கவில்லை. பகலவனுக்குத் திருச்சியில் வீடு வாங்க வேண்டும் என்று பல வருஷ ஆசை, "அண்ணே, இதைவிட நல்ல பார்ட்டி வரமாட்டான்" என்று ஒற்றைக்காலில் நின்றான். நீயும் போனில், "வித்துடுங்கப்பா, உங்களுக்கு அப்புறம் யாரு வந்து பார்க்கப்போறா" என்று சொன்னாய். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பாய் பேசி முடிக்க வீட்டுக்கு வந்தார், பகலவனும் திருச்சியிலிருந்து வந்திருந்தான். உன் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரமாக நின்று, "காரெல்லாம் எங்க நிறுத்துவீங்க பாய்?" என்று கேட்டாள். "கட்டடத்துக்கு அடியிலதான் அக்கா, கீழ ஒரு தளம் தோண்டிடுவோம்" என்று அவர் சொன்னார். "அப்ப சுருங்கை?" என்றாள் அம்மா. அவருக்கு அது என்னவென்றே தெரியாது, பாவம். பகலவன் குறுக்கே புகுந்து, "அது பழைய செங்கல்லு அண்ணி, ஒரு பைப்பைப் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றான். அம்மா பாயைப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க, இன்னைக்கு முடிக்க வேணாம்" என்றாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிலம் கொடுக்கல் வாங்கலில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பாய் தம்ளரை வைத்துவிட்டு, "வீட்டுல மனசு ஒத்து வந்தப்புறம் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்" என்று எழுந்துவிட்டார். பகலவன் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் அம்மா நேரே சத்திரத்துக்குப் போனாள். அங்கே பழுது பார்க்கிற வேலையை நடத்துகிற கட்டடக்கலைப் பெண் தமிழ்நிலா, பட்டுக்கோட்டைப் பக்கம், உன் வயதுதான் இருக்கும். அவளிடம், "நிலத்தை விக்காம இருந்தா என் கொழுந்தனுக்கு நஷ்டம், வித்தா ஊருக்கு நஷ்டம், ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறது. பழைய சின்னங்களைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் தன் இடத்தில் கட்டாமல் விட்டுக்கொடுத்தால், அந்தக் கட்டும் உரிமையை வேறு ஓர் இடத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறதாம். மேம்பாட்டு உரிமை மாற்றம் என்று பெயர், ஆபீசில் டி.டி.ஆர். என்கிறார்கள். நிலம் நம் பெயரிலேயே இருக்கும், விவசாயம் செய்யலாம், கட்டடம் மட்டும் எந்தக் காலத்திலும் கட்டக்கூடாது. அதற்கு ஈடாக ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அகலமான ரோடு உள்ள இடத்தில் கட்டுகிற யாராவது அதை நம்மிடம் விலைக்கு வாங்கித் தன் கட்டடத்தில் கூடுதல் மாடி போட்டுக்கொள்ளலாம். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்கு விளங்கவே இல்லை. இல்லாத மாடியை எப்படி விற்பது என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, முறைத் தண்ணி விடறப்ப நமக்கு வேணாம்னா நம்ம முறையைப் பக்கத்து வயலுக்குக் கொடுக்கறோம்ல, அதுக்காக வயலையா கொடுத்துடறோம்?" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை பாப்பா, அங்கேதான் ஆரம்பம். பட்டா, சிட்டா, வில்லங்கம், வரைபடம் என்று தாலுகா ஆபீசுக்கும் நகரமைப்பு ஆபீசுக்கும் நடையாய் நடந்தோம். நடந்தோம் என்று சொல்வது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற மரியாதை. அவள் நடந்தாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதல் நாள் ஆபீசில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். போகப் போகப் பார்த்தால் வாசலில் இருக்கிற ஆளிலிருந்து மேலதிகாரி வரை எல்லாரும் "வாங்கம்மா" என்கிறார்கள். ஒருநாள் இரண்டு பஸ் மாறிப் போய் ஆபீஸ் பூட்டியிருந்தது, உள்ளூர் விடுமுறை என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் சலித்துக்கொண்டேன். அவள் "வந்தது வந்தோம்" என்று கும்பேஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெரிய தடை பகலவன்தான். அவன் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது. ஒருநாள் திருச்சியிலிருந்து வந்து வாசலில் நின்றபடியே கத்தினான். "கல்லையும் குளத்தையும் கட்டிக்கிட்டு நீங்க அழுங்க, என் பங்கை ஏன் புடிச்சு வச்சிருக்கீங்க" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, "நீங்க சொல்றதுல தப்பே இல்ல தம்பி, உங்க பங்கு உங்களோடது. ஆனா இந்த நிலம் நெசமாவே சத்திரத்தோட சேர்ந்ததான்னு பார்க்க அதிகாரிங்க வர்றாங்க. அன்னைக்கு நீங்களும் வந்து, எனக்கு இது புடிக்கலன்னு அவங்ககிட்டயே நேரா சொல்லிடுங்க. அதுக்கப்புறம் நான் இதைப் பத்திப் பேசமாட்டேன். உங்களுக்குத் தெரியாம நான் ஒண்ணும் செய்யறதில்ல" என்றாள். அவன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மறுப்பை எழுதியே கொண்டுவருகிறேன் என்றும் சொன்னான்.

அதிகாரிகள் வந்தது போன வருஷம் ஆடி மாதம், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த சமயம். குழுவுக்குத் தலைமையாக ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார்கள், கூடவே தொல்லியல் படித்தவர் ஒருவர், சர்வேயர், தமிழ்நிலா. கிழக்குத் தெரு முழுக்கக் குளத்தங்கரையில் நின்றது. பகலவன் வெள்ளை வேட்டி சட்டையோடு, சட்டைப்பையில் மடித்த காகிதத்தோடு தனியாக நின்றான். சத்திரத்தைக் காப்பாற்றத் திடலும் தேவை என்றால் அதற்குச் சுருங்கைதான் காரணம், அது வேலை செய்கிறது என்பதற்கு என்ன அடையாளம் என்று அந்த அதிகாரி கேட்டார்கள். நியாயமான கேள்வி. குளத்தில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது மழைத்தண்ணீராகவும் இருக்கலாமே. அம்மா அதை எதிர்பார்த்து ஒரு கூடை உமி கொண்டுவந்திருந்தாள். "ஆத்துப் பக்கத்து வாயில உமியைக் கொட்டறோம், குளத்துல வருதான்னு பாருங்கம்மா" என்றாள். நான்தான் ஆற்றங்கரையில் நின்று கொட்டினேன், தண்ணீர் அதைச் சுழற்றி உள்ளே இழுத்துக்கொண்டது, நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குளத்துக்கு ஓடிவந்தேன்.

உமி வரவில்லை குந்தவை. எல்லாரும் குளத்துப் படியில் சுருங்கை திறக்கிற கல் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் கசிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சர்வேயர் வெயிலுக்குக் குடையை விரித்தார். கூட்டத்தில் யாரோ, "உமி ஊறி அவலாயிடுச்சு போல" என்று சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். அந்த அதிகாரி பொறுமையானவர்தான், ஆனாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அம்மா படியிறங்கித் தண்ணீரில் கால் வைத்து வெறுங்கூடையோடு நின்றாள். நிமிர்ந்து பார்த்து, "நான் பொய் சொல்லலம்மா. உமி ஏன் வரலன்னு எனக்குத் தெரியல" என்றாள். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விடலாம் போல இருந்தது.

அப்போது தொபீர் என்று சத்தம். பகலவன் வேட்டியை மடித்துக்கட்டக்கூட இல்லை, சட்டையோடு குளத்தில் இறங்கிவிட்டான். கல் வாய்க்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். "வேரு அண்ணி! அரச மரத்து வேரு உள்ள பாஞ்சிருக்கு! யாராவது அரிவாளைக் கொடுங்கய்யா!" என்று கத்தினான். அரிவாள் வந்தது. தலையை முக்கி முக்கி வெட்டினான், வேரும் சேறும் பிளாஸ்டிக் பையும் கந்தல் துணியுமாக அள்ளி அள்ளிப் படியில் போட்டான். கிழக்குத் தெருப் பையன்கள் இரண்டு பேர் பின்னால் குதித்தார்கள். ஒரு பெரிய வேர் வரமாட்டேன் என்றது, மூன்று பேரும் காலைப் படியில் உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். அது பிய்த்துக்கொண்டு வந்ததும் மூன்று பேரும் மல்லாந்து விழுந்தார்கள். முதலில் கறுப்பாகத் தண்ணீர் வந்தது, அப்புறம் செம்மண் நிறத்தில் ஆற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது, அப்புறம் உமி. கூடை உமியும் பொன் மாதிரி வந்து பகலவன் தலையிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்த அதிகாரி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து உமியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். உன் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் அடங்கின பிறகு அந்த அதிகாரி பகலவனைப் பார்த்து, நீங்கள் ஏதோ மறுப்புத் தெரிவிக்க வந்ததாகச் சொன்னார்களே என்று கேட்டார்கள். அவன் சட்டைப்பையில் கையை விட்டான். காகிதம் கூழாக வந்தது. அதை அவரிடம் காட்டாமல் அம்மா பக்கம் திரும்பி, "கரைஞ்சு போச்சு அண்ணி" என்றான். அம்மா முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள், அத்தனை பேருக்கு நடுவில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டான். என்னடா திடீரென்று என்று கேட்டேன். "ஸ்கூலுக்குச் சோறு கட்டிக் கொடுத்த கைண்ணே அது. ஊரே சிரிக்கறப்ப வெறுங்கூடையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. நான் எப்படிண்ணே பார்த்துக்கிட்டு நிப்பேன்" என்றான். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், நான் குழம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அப்புறம் உத்தரவு வர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. சான்றிதழ் வந்தபோது அதை யார் வாங்குவார்கள் என்று நான் கவலைப்பட்டேன், அம்மா கவலைப்படவில்லை. ஜெய்னுலாபுதீன் பாய்க்கே போன் போட்டாள். "பாய், உங்களைக் காக்க வச்சதுக்குப் பதில் சொல்லணும், ஒரு நடை வாங்க" என்றாள். அவர் வந்தார். கும்பகோணம் புறவழிச்சாலையில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது, அங்கே இந்த உரிமையை வைத்துக் கூடுதல் மாடி போட்டுக்கொள்ளலாம் என்று தமிழ்நிலாவிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறாள். பாய்க்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, தன் இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார். "மனையை வச்சுக்கிட்டு மாடியை மட்டும் வித்தவங்களை நான் இப்பத்தான்க்கா பார்க்கிறேன்" என்று சிரித்தார். போகும்போது குளத்தைப் போய்ப் பார்த்தார், கை கால் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டு, "இதை நான் உடைச்சிருப்பேனேக்கா, தெரியாமலே உடைச்சிருப்பேனே" என்றார். அவர் முதலில் நிலத்துக்குச் சொன்ன விலையைவிட இது குறைவுதான், உன்னிடம் மறைக்கவில்லை. பகலவன் நினைத்த வீடு கிடைக்கவில்லை, அதைவிடச் சின்னதாகத் திருவானைக்காவில் ஒன்று பார்த்திருக்கிறான். வரும் தையில் பால் காய்ச்சுகிறான், அம்மாதான் அடுப்புப் பற்றவைக்க வேண்டுமாம். போன வாரம் பத்திரப்பதிவு முடிந்தது, திடலில் இனி எந்தக் காலத்திலும் கட்டடம் எழும்பக்கூடாது என்று எழுதியாகிவிட்டது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், திடல் இருக்கிறது. நம் பெயரில், உளுந்தும் தென்னையுமாக இருக்கிறது. நமக்கு வந்த பணத்தில் உன் பங்கை அம்மா பேங்கில் உன் பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறாள். நீ அன்றைக்கு விற்கச் சொன்னதை நினைத்து வருத்தப்படாதே, தூரத்தில் இருக்கிற பிள்ளை அப்பன் ஆத்தாள் சிரமப்படக்கூடாது என்று சொன்னது அது, எங்களுக்குத் தெரியாதா.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து போன வாரம் நாலைந்து பேர் வந்தார்கள், அவர்கள் ஊரில் பழைய மண்டபத்துக்கு ஒட்டினாற்போல ஒரு குடும்பத்து நிலம் இருக்கிறதாம், அண்ணன் தம்பிக்குள் இதே சண்டையாம். அம்மா வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாற்று நடவு இருக்கிறது என்று முதலில் தயங்கினாள், நான்தான் நடவை நான் பார்த்துக்கொள்கிறேன் போய்வா என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்நிலாவோடு போகிறாள். ஆகவே அன்றைக்கு நீ கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன், அம்மா எங்கே என்று பதறாதே. அவள் கூட்டத்துக்குப் போயிருப்பாள், நான் ரசம் வைத்துக்கொண்டிருப்பேன்.

நீ தொடர்ந்து இரவு டியூட்டி எடுக்காதே, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற நர்சுக்கே உடம்பு கெட்டால் யார் பார்ப்பது. மாப்பிள்ளையைக் காலையில் வெறும் ரொட்டியோடு அனுப்பாதே, அம்மா இடித்து அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்திருந்தால் சொல்லு. பொங்கலுக்கு லீவு இப்போதே கேட்டு வை, சித்தப்பா வீட்டுப் பால் காய்ச்சுக்கு நீ இல்லாமல் இருக்கக்கூடாது. உங்கள் இருவருக்கும் நம் காமாட்சியம்மன் துணை நிற்பாள், கேட்டது கிடைத்து, நினைத்தது நடந்து, வாழையடி வாழையாகத் தழைத்திருங்கள்.

இன்னொன்று. இத்தனை வருஷமும் ஊரில் உன் அம்மாவைத் துரைராசு சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். நேற்று உரக்கடையில் புதிதாக வந்த பையன் என்னை யார் என்று முதலாளியிடம் கேட்டான், அவர் சொன்ன பதிலைக் கேட்டு ஒரு மூட்டைக்குப் பதில் இரண்டு மூட்டை யூரியா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னபடியே கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மங்களாம்பிகை வீட்டுக்காரர்,
உன் அப்பா.